அனாமத்து

அனுபவம் என்ற கட்டத்தில்
முதலில் ஒரு கோடு போட்டேன்.
கழித்தல் குறி மாதிரி இருந்தது.
அழித்துவிட்டு வெறுமனே விட்டேன்.

ஆபீசர்ஸ் லைன், ஸ்கேன் சென்டருக்கு மேல் இரண்டாவது மாடி.
எனக்கு முன்னால் படியேறிய மூன்று பேரில்
ஒருத்தியிடம் டேலி சான்றிதழ்,
ஒருத்தியிடம் மடிப்புக் கலையாத சட்டையும் ஆங்கிலமும்,
ஒருவனிடம் சித்தப்பா.
என்னிடம் பி.காம். ஐந்து செமஸ்டர்,
காஸ்டிங்கில் ஒரு அரியர்,
கொசப்பேட்டையிலிருந்து நடந்து வந்த வியர்வை.
அக்கினி நட்சத்திரம் முடிந்துவிட்டதென்று
காலண்டர் மட்டும்தான் நம்பிக்கொண்டிருந்தது.

ஆடிட்டர் கஜலட்சுமி நிமிராமல் கேட்டார்:
'பெனிட்டா, எங்கயாவது வேலை பாத்திருக்கியாம்மா?'
'இல்ல மேடம்.'
'ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டிருக்கியா?'
'பரீட்சையில போட்டிருக்கேன் மேடம்.'
அதற்கு மட்டும் நிமிர்ந்தார்.
'சொல்லி அனுப்புறோம்.'
ஜூனில் மட்டும்
என் பெயரில் பற்று வைக்கப்பட்ட
நான்காவது 'சொல்லி அனுப்புறோம்.'

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாமென்று
கேன் பக்கம் போனேன்.
பக்கத்து மேசையில் இம்தியாஸ் என்கிற ஆர்ட்டிகிள் பையன்
காந்தி ரோட்டு லாட்ஜ் ஒன்றின் நோட்டோடு
மூன்று நாளாக மல்லுக்கு நிற்கிறான்.
நாலாயிரத்து இருநூறு இடிக்கிறது.
எங்கே இடிக்கிறதென்று தெரியாமல்
பக்கத்தின் அடியில் பென்சிலால் எழுதிவைத்திருந்தான்:
அனாமத்து 4,200.

யாருக்கும் சொந்தமில்லாத பணத்துக்கு
எவ்வளவு அழகான பெயர்!

டம்ளரோடு குனிந்து பார்த்தேன்.
ராத்திரி மேனேஜர் எழுதிய பக்கம்.
எழுதிய ஆளைத் தெரியாது, எழுத்தைத் தெரியும்.
மால்டாவிலும் மேதினிப்பூரிலும் ரயிலேறி
காட்பாடியில் இறங்கி
ஆஸ்பத்திரிச் சீட்டை நெஞ்சோடு பிடித்து வருகிறவர்களின் எழுத்து.

'அண்ணா, இது எட்டு இல்ல. நாலு.'
'எட்டுதானம்மா போட்டிருக்கு?'
'வங்காளத்துல நாலு இப்படித்தான் இருக்கும்.
கீழ இருக்கிறதும் ஒன்பது இல்ல, ஏழு.'
எட்டாயிரம் நாலாயிரமாக இறங்கியது.
தொள்ளாயிரம் எழுநூறாக இறங்கியது.
அவன் கால்குலேட்டரைத் தட்டினான்.
இன்னொரு முறை தட்டினான்.
ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

'உனக்கு எப்படித் தெரியும்?'
மேடம் எப்போது எழுந்து வந்தாரென்று தெரியவில்லை.

அம்மா ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள்.
ப்ளஸ் டூ லீவில் நான் அங்கே கவுண்டரில் நின்றேன்.
நாலு என்று எழுதிக் காட்டிய குடும்பத்துக்கு
எட்டாம் நம்பர் சாவியைக் கொடுத்து,
கீமோ முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்த ஒருவரை
எழுப்பிவிட்டேன்.
அவர் திட்டவில்லை.
திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இதில் எதையும் சொல்லவில்லை.
'லாட்ஜில சாவி கொடுத்தேன் மேடம். ரெண்டு மாசம்.'
'வேலையே பாக்கலன்னு சொன்னே?'
'அது வேலையா மேடம்?'

அதற்குப் பதில் வரவில்லை.
போன் அடித்தது, யாருக்கோ நோட்டீஸ் வந்திருக்கிறது,
பத்து நிமிஷம் நின்றேன்.
அப்புறம் ஒரு துண்டுத்தாளை நீட்டினார்:
'திங்கக்கிழமை ஒன்பதரை. மூணு மாசம் பாப்போம்.
அந்த அரியரை முடி.'
மாதத்துக்கு என்று எழுதியிருந்த தொகையை
தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.
எந்த ஊர்க் கண்ணால் பார்த்தாலும்
நாலாயிரம்தான்.

இம்தியாஸ் ரப்பரை எடுத்து
அனாமத்தை அழித்தான்.
ஊதிய துகளில் கொஞ்சம்
என் துப்பட்டாவில் ஒட்டிக்கொண்டது.

கீழே ஸ்கேன் சென்டர் வாசலில் ஒருவர்
பில்லின் பின்பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தார்.
எதிரே நின்றும் படிக்க முடிந்தது.
மேலிருந்து கீழே ஒரு முறை,
கீழிருந்து மேலே ஒரு முறை,
மனசுக்குள் நானும் கூட்டினேன்.

மொத்தம் சரியாகத்தான் இருந்தது.
அதுதான் அவருக்குக் கஷ்டம்.